இரண்டு கடலுக்கும் ஒரே சாவடி

மன்ஹோ: ...இந்தக் கயிறை இன்னொரு சுத்து சுத்தணும். காத்து எந்தப் பக்கத்துலேருந்து அடிக்கும்னு தெரிஞ்சா அந்தப் பக்கம் இறுக்கிக் கட்டுவேன்.

போரம்: ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டு.

மன்ஹோ: சாமான் ஏத்தியாச்சு. ரூமைக் கூட்டிப் பெருக்கி சாவியும் குடுத்தாச்சு. எந்த ஊருக்குப் போறோம்னு மட்டும் தெரியலை. இப்படி ஒரு சவாரி நான் பார்த்ததே இல்லை.

போரம்: நீ எங்கே சவாரி ஓட்டினே? படகு எஞ்சினைக் கழட்டி மாட்டறவன் தானே.

மன்ஹோ: அந்த எஞ்சினை ஏத்தி இறக்கறது இதே வண்டியிலதான். எஞ்சினாவது போற இடத்தை முன்கூட்டியே சொல்லிடும்.

போரம்: அண்ணா, நூடுல்ஸ் வந்துடுச்சு. பின்பக்கப் பலகையை இறக்கு, அதுமேலயே உக்காந்து சாப்பிடலாம். வீடு மாத்தற அன்னிக்கு இந்த ஜஜாங்மியோன் நூடுல்ஸ் சாப்பிடலைன்னா அது வீடு மாத்தினதாவே கணக்கில்லை.

மன்ஹோ: அதைப் போய்ச் சேர்ந்த இடத்துல சாப்பிடணும்.

போரம்: போய்ச் சேர்ற இடம்தான் தெரியலைன்னியே.

மன்ஹோ: ...குடு. முள்ளங்கி ஊறுகாய் எங்கே?

போரம்: உன் முழங்கைக்குக் கீழே.

மன்ஹோ: திங்கக்கிழமை வேலையில சேரணும். இன்னிக்கு சனிக்கிழமை. கிழக்கே கங்னுங் ஆஸ்பத்திரி, மேற்கே சொசான் ஆஸ்பத்திரி, ரெண்டு பேரும் உனக்காக வாசல்ல காத்துக்கிட்டு நிக்கறாங்களா?

போரம்: பிசியோதெரபி படிச்சவங்க கடற்கரை ஊருக்கு வர்றதில்லை அண்ணா. எல்லாரும் சியோல்லயே கிடக்காங்க. கிடைச்சா போதும்னு காத்திருப்பாங்க.

மன்ஹோ: நானா இருந்தா காத்திருக்க மாட்டேன்.

போரம்: அதனாலதான் உன்கிட்ட யாரும் வேலைக்கு நிக்கறதில்லை.

மன்ஹோ: சரி, நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு. குளிர் பிடிக்குமா?

போரம்: பிடிக்காது.

மன்ஹோ: முடிஞ்சுது. மேற்கு. கிழக்குல பிப்ரவரி மாசம் பனி இடுப்பளவு கொட்டும். கதவைத் திறக்கவே மண்வெட்டி வேணும்.

போரம்: அந்தப் பனியைத் தள்ளிவிட்டுட்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். எனக்கே சொல்றியா?

மன்ஹோ: அதனாலதான் சொல்றேன். உங்கம்மாகிட்டயே, வளர்ந்த ஊருக்கே திரும்பிப் போறதுன்னா எதுக்கு இந்த சுவோன்ல இத்தனை வருஷம் உக்காந்திருந்தே?

போரம்: நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியை மூடுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

மன்ஹோ: மூடலைன்னா இங்கயே இருந்திருப்பியா?

போரம்: இருந்திருப்பேன். நடுவுல இருக்கறது வசதி. எந்தப் பக்கமும் சாய வேண்டாம்.

மன்ஹோ: ம்.

போரம்: என்ன ம்?

மன்ஹோ: ஒண்ணுமில்லை. சாப்பிடு, கட்டியாயிடும்.

போரம்: உன் கடல் ஒரு கடலா அண்ணா? காலையில ஜன்னலைத் திறந்தா தண்ணி இருக்கும். மத்தியானம் பார்த்தா கண்ணுக்கெட்டின தூரம் சேறு. கடல் எங்கேன்னு யாரையாவது கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

மன்ஹோ: அந்தச் சேத்துலதான் எங்க சோறு. தண்ணி வெளியே போனாதான் வேலையே ஆரம்பிக்கும். சிப்பி, மட்டி, குட்டிச் சாக்கு... எல்லாம் அங்கேதான். நவம்பர்ல வந்து பாரு, சிப்பியை ஓட்டோட நெருப்புல போட்டு, வாய் திறந்ததும் எடுத்து...

போரம்: குட்டிச் சாக்கா?

மன்ஹோ: சின்ன ஆக்டோபஸ். நாங்க அப்படித்தான் சொல்லுவோம். சாக்குல போட்டுக் கொண்டு வருவோம்ல.

போரம்: கிழக்குலயும் கணவாய் கிடைக்கும். காயப்போட்டிருப்பாங்க, எங்கம்மா சாப்பாட்டுக் கடைத் தெரு முழுக்கத் துணி காயற மாதிரி.

மன்ஹோ: நாத்தம்.

போரம்: சேத்துக்கு வாசனையா?

மன்ஹோ: சரி, உங்க கடல் நீலமா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா ரெண்டாவது அடி வெச்சா ஆளை முழுங்கிடும். எங்க கடல்ல சின்னக் குழந்தைகூட ரொம்ப தூரம் நடந்து போகலாம்.

போரம்: திரும்பி வர முடியுமா?

மன்ஹோ: ...தண்ணி ஏறறதுக்கு முன்னாடி கிளம்பினா முடியும்.

போரம்: உனக்குத் தாமதம் ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன்.

மன்ஹோ: என்ன?

போரம்: சும்மா சொன்னேன். வயசு ஏறுது, உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. அதைச் சொன்னேன்.

மன்ஹோ: பேச்சை மாத்தாதே. வேலைக்கு எது நல்லது? அதைச் சொல்லு.

போரம்: கங்னுங்ல பெரிய பிரிவு, புது மெஷின் எல்லாம் இருக்கு. பதினோரு பேர்ல நானும் ஒருத்தி. சொசான்ல ஒரு பழைய மெஷின், ரெண்டு பேர். அதுல ஒருத்தர் அடுத்த வருஷம் ஓய்வு.

மன்ஹோ: அப்ப சொசான்ல நீதான் எல்லாம்.

போரம்: சொசான்ல நான் மட்டும்தான்னு சொல்லு.

மன்ஹோ: ரெண்டும் ஒண்ணுதான். நம்மூர்க் கிழவிங்க எல்லாம் சேத்துல குனிஞ்சு குனிஞ்சு கொக்கி மாதிரி ஆயிட்டாங்க. ஒருத்தியாவது நிமிர்ந்து நடந்தா ஊரே உன்னைத் தூக்கி வெச்சுக்கும். தினம் வாசல்ல மட்டிக்கறி வந்து நிக்கும்.

போரம்: உங்கப்பா நடக்கறாரா?

மன்ஹோ: எங்கப்பா உனக்கு யாரு?

போரம்: நடக்கறாரா இல்லையா?

மன்ஹோ: நடக்கறாரு. சுவரைப் பிடிச்சுக்கிட்டு. போன குளிர்காலம் சிப்பிப் படுகையில விழுந்தாருல்ல, அதுலேருந்து இடுப்பு சரியில்லை. டாக்டர் பயிற்சி சொல்லிக் குடுத்தாரு. வீட்டுக்கு வந்ததும் அதைப் பூனைக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லிட்டாரு.

போரம்: நான் ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ தூங்கற மாதிரி இருந்தாரு.

மன்ஹோ: தூங்கலை.

போரம்: தெரியும். தூங்கறவங்க கால் விரலை அப்படி மடக்க மாட்டாங்க.

மன்ஹோ: நீ கதவுகிட்டயே நின்னுட்டுப் போயிட்டே.

போரம்: அவர் தூங்கினாரு, நான் நின்னேன். யாரும் யாருக்கும் தொந்தரவு குடுக்கலை.

மன்ஹோ: ...உனக்காக மாடி அறைக்கு சுவர்க் காகிதம் ஒட்டச் சொல்லியிருக்காரு. நான்தான் ஒட்டினேன். கீழே நின்னுக்கிட்டு கோணல், கோணல்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.

போரம்: நான் அந்த வீட்ல தங்க மாட்டேன் அண்ணா. ஊருக்குள்ள தனியா ரூம் எடுத்துக்குவேன்.

மன்ஹோ: அப்ப வர்றதுன்னு முடிவு பண்ணிட்டியா?

போரம்: வந்தா, தனி ரூம்னு சொன்னேன்.

மன்ஹோ: போன் அடிக்குது. அவர்தான். கையெல்லாம் நூடுல்ஸ், ஸ்பீக்கர்ல போடு... ஹலோ.

அப்பா: மன்ஹோ.

மன்ஹோ: சொல்லுங்கப்பா. ஸ்பீக்கர்ல இருக்கு. போரமும் இருக்கா.

அப்பா: ம்.

போரம்: வணக்கம். இடுப்பு எப்படி இருக்கு?

அப்பா: இருக்கு.

போரம்: பயிற்சி பண்றீங்களா?

அப்பா: பண்றேன்.

மன்ஹோ: பொய் சொல்றாரு.

அப்பா: ஏணி எங்கே வெச்சே?

மன்ஹோ: எதுக்கு ஏணி? ஏறக் கூடாதுன்னு எத்தனை தடவை...

அப்பா: ஏறப் போறேன்னு சொன்னேனா? எங்கே வெச்சேன்னு கேட்டேன்.

மன்ஹோ: சொல்ல மாட்டேன்.

அப்பா: சரி. கிளம்பிட்டீங்களா?

மன்ஹோ: எங்கே கிளம்பறது? எந்தப் பக்கம்னு இவ வாயைத் திறக்க மாட்டேங்கறா.

அப்பா: அவசரப்படுத்தாதே. வெச்சுடறேன்.

போரம்: ...எப்பவும் இவ்வளவுதான் பேசுவாரா?

மன்ஹோ: இன்னிக்கு நிறைய பேசிட்டாரு. உன் குரல் கேட்டதுல கொஞ்சம் தாராளமாயிட்டாரு.

போரம்: சின்ன வயசுல கேட்ட அவர் குரல் எனக்கு ஞாபகமே இல்லை அண்ணா. அவங்க ரெண்டு பேரும் பிரிஞ்சப்போ எனக்கு அஞ்சு வயசு. உனக்கு பதினொண்ணு.

மன்ஹோ: எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு.

போரம்: டிவி உங்கப்பாவுக்கு, தையல் மெஷின் எங்கம்மாவுக்கு. நீ உங்கப்பாவுக்கு, நான் எங்கம்மாவுக்கு.

மன்ஹோ: தையல் மெஷினுக்குதான் ரொம்ப நேரம் சண்டை நடந்தது. நம்மளைப் பத்தி பேச்சு சீக்கிரம் முடிஞ்சுபோச்சு.

போரம்: மெஷின் இன்னும் ஓடுது.

மன்ஹோ: டிவி மறு வருஷமே போயிடுச்சு... பாத்திரத்தைக் கடைக்காரன் எடுத்துப்பானா?

போரம்: வாசல்ல வெச்சா வந்து எடுத்துப்பான். கிளம்பலாம், வண்டியை எடு. சுங்கச்சாவடி வரைக்கும் ஒரே வழிதானே.

மன்ஹோ: ரெண்டு கடலுக்கும் ஒரே சாவடி. உள்ளே போனதும் பிரியும். அதுக்குள்ள சொல்லிடு. நெடுஞ்சாலையில வண்டியை ஓரங்கட்டி யோசிக்க முடியாது.

போரம்: சொல்றேன். பெல்ட் போடு.

மன்ஹோ: நான் கடைசியா ஒண்ணு சொல்றேன். கிழக்குல வசந்த காலத்துல மலைக்காத்து இறங்கும். காட்டுத் தீ பிடிச்சா ராத்திரிக்குள்ள ஊருக்கு வந்துடும்.

போரம்: மேற்குல மூடுபனி வந்தா பக்கத்து வீடு தெரியாது.

மன்ஹோ: பக்கத்து வீட்டை எதுக்குப் பார்க்கணும்? எங்கூர் தரை சமதரை. சைக்கிள்ல வேலைக்குப் போகலாம். அங்கே எல்லாம் ஏத்தம். அம்மா கடைக்கு ஏறற அந்த வழியைச் சொல்லு. பனியில எப்படி ஏறுவே? கைப்பிடிக் கம்பியும் பாதி வரைக்கும்தான் இருக்கு. மீதிப் பாதிக்கு எதைப் பிடிச்சுக்கறது?

போரம்: அந்தக் கம்பி போன வருஷம் போட்டது.

மன்ஹோ: நீதான் சொல்லியிருப்பே.

போரம்: நான் சொல்லலை.

மன்ஹோ: போன்ல படம் அனுப்பினியே, அதுல பார்த்திருப்பேன்.

போரம்: நான் உனக்கு இதுவரைக்கும் அனுப்பினது ரெண்டே படம். ஒண்ணு பூனை. இன்னொண்ணு அதே பூனை.

மன்ஹோ: சிக்னல் விழுந்துடுச்சு பாரு.

போரம்: சிவப்பு. நிதானமா பதில் சொல்லலாம். இன்னொண்ணு. காலையிலேருந்து, வருஷக்கணக்காவே, உங்கம்மா உங்கம்மான்னுதான் சொல்லுவே. இப்ப அம்மா கடைன்னே.

மன்ஹோ: ...ஒரு தடவை உங்க கங்னுங் பக்கம், ஜுமுன்ஜின் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். எஞ்சினுக்குப் பார்ட்ஸ் வாங்க.

போரம்: மேற்குல பார்ட்ஸ் கிடைக்காதா?

மன்ஹோ: அது கொஞ்சம் அபூர்வமான பார்ட்.

போரம்: சரி. வாங்கினே. அப்புறம்?

மன்ஹோ: பசிச்சுது. ஏத்தத்துல ஒரு கடை இருந்தது. உள்ளே போய் மக்குக்சு நூடுல்ஸ் கேட்டேன். அவங்க கொண்டுவந்து வெச்சாங்க. என்னைப் பார்க்கக்கூட இல்லை. அடையாளம் தெரியலைன்னு நினைச்சேன். சரி, நல்லதுன்னு பேசாம சாப்பிட்டேன்.

போரம்: அப்புறம்?

மன்ஹோ: கிண்ணத்தை எடுக்க வந்தாங்க. வெள்ளரிக்காயை ஒதுக்கற பழக்கம் இன்னும் போகலையான்னு கேட்டாங்க.

போரம்: ...நீ என்ன சொன்னே?

மன்ஹோ: ஒதுக்கி வெச்ச வெள்ளரிக்காயை எடுத்துச் சாப்பிட்டேன்.

போரம்: பச்சை விழுந்துடுச்சு. போ.

மன்ஹோ: போறேன்.

போரம்: எத்தனை தடவை போயிருக்கே?

மன்ஹோ: எண்ணலை. பனிக்காலத்துல கூரையில ஏறி பனி தள்ளிவிட்டேன். குழாய் உறைஞ்சுபோய் கிடந்தது, அதையும் பார்த்தேன். அவங்க... அம்மா, உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்.

போரம்: எங்கிட்ட எதுக்கு மறைக்கணும்?

மன்ஹோ: உன் பங்குல நான் கை வெச்சுட்டேன்னு நீ நினைச்சுடுவியோன்னு.

போரம்: அம்மா என்ன தையல் மெஷினா?

மன்ஹோ: அப்படியில்லை.

போரம்: உங்கப்பாவுக்குத் தெரியுமா?

மன்ஹோ: தெரியாது. பார்ட்ஸ் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவேன். ம்னு சொல்லுவாரு.

போரம்: இன்னும் ஏதோ வெச்சிருக்கே. சொல்லு. சாவடி வந்துடப் போகுது.

மன்ஹோ: ஜுமுன்ஜின்ல ஒரு பட்டறைக்காரர் வரச் சொல்லியிருக்காரு. அடுத்த மாசத்துலேருந்து. மேல தங்கிக்க அறையும் இருக்கு. வரேன்னு சொல்லிட்டேன். அப்புறம் வரலைன்னு சொன்னேன். அப்புறம் கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

போரம்: நான் மேற்கே வந்தா நீ கிழக்கே போகலாம்.

மன்ஹோ: ...ஆமா.

போரம்: அதுக்குதான் சிப்பி, சமதரை, மட்டிக்கறி.

மன்ஹோ: அதெல்லாம் பொய்யில்லை.

போரம்: பொய்னு சொல்லலை.

மன்ஹோ: அவரைத் தனியா விட்டுட்டுப் போக முடியாது போரம். ஏணி எங்கேன்னு கேக்கறாரு பாரு, நான் இல்லாத நாளா பார்த்து. உன்னைக் கொண்டுபோய் என் இடத்துல வெச்சுட்டு நான் நழுவப் பார்த்தேன். சொல்லும்போதே கேவலமா இருக்கு. விடு. நீ கிழக்கே போ. பெரிய ஆஸ்பத்திரி, புது மெஷின். அதான் உன் படிப்புக்கு நல்லது.

போரம்: பனி?

மன்ஹோ: உனக்குப் பழகின பனிதானே.

போரம்: காட்டுத் தீ?

மன்ஹோ: அது எப்பவோ ஒரு தடவை. கடல் நீலமா இருக்கும். நல்ல காப்பி கிடைக்கும்.

போரம்: அரை மணி நேரத்துல கட்சி மாறினவனை இப்பதான் பார்க்கறேன்.

மன்ஹோ: கிண்டல் பண்ணாதே. சாமானை இறக்கிட்டு நான் இன்னிக்கே திரும்பிடறேன். அம்மா கடைக்குக்கூட வரலை. பட்டறைக்காரர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். என்னோட ஊர் அதுதான். பழகிடுச்சு.

போரம்: இதோ சாவடி.

மன்ஹோ: தெரியுது. நேரா போய் வலது பக்கம் பிடிச்சா கங்னுங்...

போரம்: இடது பக்கம் பிடி. மேற்கே போகலாம்.

மன்ஹோ: போரம், எனக்காக நீ ஒண்ணும் விட்டுக்குடுக்க வேண்டாம்.

போரம்: விட்டுக்குடுக்கலை. சொசான்ல போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ரூமும் எடுத்தாச்சு. இடது பக்கம், அண்ணா.

மன்ஹோ: போன மாசமா?

போரம்: பின்னே, எந்த ஆஸ்பத்திரி சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கும்? நீயே சொன்னியே.

மன்ஹோ: அப்ப காலையிலேருந்து என்னை எதுக்கு இப்படிச் சுத்தல்ல விட்டே?

போரம்: நீயா சொல்றியான்னு பார்த்தேன். அப்புறம்... எங்க பக்கம் வா, எங்க பக்கம் வான்னு யாரும் என்னை இவ்வளவு நேரம் கூப்பிட்டதில்லை. கேக்க நல்லா இருந்தது.

மன்ஹோ: ...அம்மா சொல்லிட்டாங்களா, என்னைப் பத்தி?

போரம்: அம்மா உன் பேச்சைக் காப்பாத்திட்டா. ஒரு வார்த்தை சொல்லலை.

மன்ஹோ: பின்னே எப்படித் தெரியும்?

போரம்: போன மாசம் ஒரு போன் வந்தது. தெரியாத நம்பர். எடுத்தேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

மன்ஹோ: யாரு?

போரம்: அப்பா.

மன்ஹோ: ...உனக்கா? அவர் போன் பண்ணினாரா?

போரம்: லாரி வருது, பார்த்துப் போ.

மன்ஹோ: பார்த்துட்டேன். என்ன சொன்னாரு?

போரம்: ஒரு வருஷமா பார்ட்ஸ் வாங்கக் கிழக்கே போறான், ஒரு பார்ட்டும் வீடு வந்து சேரலைன்னாரு. போனவன் ஒவ்வொரு தடவையும் நல்லா சாப்பிட்ட முகத்தோட திரும்பி வர்றான்னாரு.

மன்ஹோ: ...அப்புறம்? அப்ப அவர்தான் உன்னை மேற்கே வரச் சொன்னாரா?

போரம்: இல்லை அண்ணா. "நீ வர வேண்டாம்மா, வர்றதா மட்டும் அவன்கிட்ட சொல்லிடு, அப்பதான் அவன் போவான்"னாரு. போனை வெச்சதும் நிஜமாவே வர்றதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.